ஸ்விட்சைப் போட்டா தானா வரணும்

"ஸ்விட்சைப் போட்டா தானா வரணும். அவ்வளவுதான். டிவி வரலையா? அது மாதிரி."

2007-ல கரமனை வீட்டுக் கூடத்துல, புதுசா வாங்கி வச்ச கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அம்மா எனக்குப் போட்ட கண்டிஷன் இது. மூணு வார லீவுல நியூஜெர்சியிலேர்ந்து போயிருந்தேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்ரஹாரத்து வீட்டுல அம்மா மட்டும். ஞாயித்துக்கிழமையாவது முகத்தைப் பார்த்துப் பேசணும்னு ஸ்கைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் சரி, டபுள் கிளிக்தான் வரலை. விரல் முட்டியெல்லாம் வீக்கம். முதல் தட்டுக்கும் ரெண்டாவது தட்டுக்கும் நடுவுல மவுஸ் ஒரு இஞ்ச் நகர்ந்துடும். திறக்க வேண்டிய ஐகான் திறக்காம வேற மூலைல போய் உக்காந்துக்கும். டபுள் கிளிக் வேகத்தைக் குறைச்சும் பார்த்தேன். ஊஹூம்.

"மேத்தன் மணிக்கு யாராவது போய் கிளிக் பண்றாளா?" அப்படின்னு அடுத்த கேள்வி.

திருவனந்தபுரம் தெரியாதவங்களுக்கு: மேத்தன் மணி கிழக்கே கோட்டைல பத்மநாபசுவாமி கோயில் எதிர்ல இருக்கற பழைய கடிகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு சமாச்சாரம். தாடி வச்ச ஒரு முகம், ரெண்டு பக்கமும் ரெண்டு ஆட்டுக்கடா. மணி ஆனா கடா ரெண்டும் வந்து கன்னத்துல முட்டும், முகம் வாயைத் திறக்கும். சின்ன வயசுல கரமனைலேர்ந்து அப்பா கையைப் பிடிச்சுண்டு போய் அதைப் பார்க்கறதுக்காகவே வெயில்ல நின்னிருக்கேன்.

2025 மே 5-ம் தேதி ஸ்கைப்பை ஒரேயடியா மூடினாங்க இல்லையா, அன்னிக்கு எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவோட அந்தக் கண்டிஷன்தான். 'தானா வரணும்'ங்கற அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி பெரிய சரித்திரம் இருக்கு. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கற வாரம், அதனால கொசுவத்தி சுத்தப் போறேன். பொறுத்துக்குங்க.

ஸ்விட்சைப் போட்ட அந்த நிமிஷத்துல கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்கறது தெரியாது, கீபோர்டு தெரியாது. டிஸ்க்குலேர்ந்து நிரலைப் படிக்கணும்னா அதைப் படிக்கறதுக்கே ஒரு நிரல் வேணும். அந்த நிரலை எங்கேர்ந்து படிக்கறது? தன் பூட்ஸ் வாரைத் தானே பிடிச்சு இழுத்துத் தன்னையே மேல தூக்கிக்கற மாதிரி வேலைன்னு இங்கிலீஷ்ல ஒரு கேலி உண்டு. அதுலேர்ந்துதான் 'பூட்' பண்றதுங்கற வார்த்தையே வந்தது. 1952-ல வந்த ஐபிஎம் 701-ல இதுக்குன்னு 'லோட்'னு ஒரு பட்டன் வச்சாங்க. அழுத்தினா அட்டைலேர்ந்தோ டேப்புலேர்ந்தோ முதல் துளியை மட்டும் படிக்கும். அந்தத் துளி அடுத்ததைக் கூப்பிடும், அது அதுக்கடுத்ததை.

ஐபிஎம் மெஷினுக்குப் பட்டன் இருந்தது. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1975-ல வந்த ஆல்டேர் 8800-ல முன்பக்கம் வரிசையா குட்டி ஸ்விட்ச்தான். ஆரம்ப நிரலை ஒவ்வொரு தடவையும் மனுஷன்தான் ஸ்விட்சை மேலயும் கீழயும் தள்ளித் தள்ளி உள்ள ஏத்தணும். கரண்ட் போனா எல்லாம் போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. அந்த மெஷினுக்கு பில் கேட்சும் பால் ஆலனும் பேசிக் மொழி எழுதினாங்க. அதைக் காட்டறதுக்கு ஆலன் அல்புகர்க்கிக்குப் பறந்துண்டு இருக்கார். விமானம் இறங்கற சமயத்துலதான் ஞாபகம் வருது: பேசிக் இருக்கு, அதை மெஷினுக்குள்ள ஏத்தற ஆரம்ப நிரலை எழுத மறந்தாச்சு! ஒரு காகிதத்தை எடுத்து அங்கேயே எழுதி முடிச்சார். மைக்ரோசாஃப்ட் கம்பெனியோட முதல் வியாபாரமே 'ஸ்விட்சைப் போட்டா என்ன வரணும்'ங்கற கேள்வில தொங்கிண்டு இருந்திருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

1981-ல ஐபிஎம் பிசி வந்தப்போ இந்த முதல் வேலையை ஒரு ரோம் சில்லுக்குள்ள நிரந்தரமா எழுதி வச்சுட்டாங்க. அது ஃப்ளாப்பியோட முதல் 512 பைட்டைப் படிக்கும், அப்பறம் டாஸ் வரும். டாஸ் வந்ததும் ஆட்டோஎக்செக்.பேட்னு ஒரு கோப்பு இருக்கான்னு தேடும். இருந்தா அதுல இருக்கற வரியெல்லாம் ஒவ்வொண்ணா தானா ஓட்டும்.

இந்தப் பேரைப் பார்த்து மலைச்சுப் போனவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்போம். தானா நிறைவேத்துங்கறதுக்கான இங்கிலீஷ் வார்த்தைகளை வெட்டி எட்டெழுத்துல அடைச்ச பேர். டாஸ்ல பேருக்கு எட்டெழுத்து, புள்ளிக்கு அப்பறம் மூணெழுத்து, அதுக்கு மேல இடம் கிடையாது. நான் படிச்ச கம்ப்யூட்டர் சென்டர்ல செருப்பை வெளில கழட்டணும், உள்ள ஏசி, ஆளுக்கொரு ஃப்ளாப்பி. அந்த ஃப்ளாப்பில அவங்கவங்களோட ஆட்டோஎக்செக். என்னோடதுல மொத்தம் அஞ்சு வரி. பாதை எது, மவுஸ் டிரைவர் எது, அப்பறம் நேரா வேர்ட்ஸ்டார். பக்கத்து சீட்டுப் பையன் ஒரு நாள் நான் தண்ணி குடிக்கப் போன நேரத்துல அதுல ஒரு வரி சேர்த்துட்டான். மறுநாள் டீச்சர் எதிர்ல என் மெஷின் ஸ்டார்ட் ஆகறப்போ 'எனக்கு வேலை செய்ய இஷ்டமில்லை'ன்னு திரைல வந்தது :-)

ஆனா ஒண்ணு. அவன் எழுதினதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. கோப்பைத் திறந்தேன், அஞ்சு வரி ஆறு வரியா இருந்தது, அழிச்சேன். மெஷின் தானா என்னென்ன செய்யுதுன்னு ஒரே பக்கத்துல, படிக்கற மாதிரி எழுத்துல இருந்தது. 640 கேபி நினைவகத்துக்குள்ள எதை ஏத்தறது எதை விடறதுங்கற சண்டைக்காக வரிசையை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்போம். 1993-ல வந்த டாஸ் 6-ல, ஸ்டார்ட் ஆகறப்போ எஃப்5 அழுத்தினா எல்லாத்தையும் தாண்டிப் போகும். எஃப்8 அழுத்தினா ஒவ்வொரு வரியா, 'இதை ஓட்டட்டுமா?'ன்னு கேக்கும். இப்போ நினைச்சா எவ்வளவு மரியாதையான மெஷின்!

அந்தப் பக்கத்துல வராத ஒரே விஷயம், டாஸுக்கும் முந்தி ஓடற அந்த 512 பைட்டு. 1986-ல லாகூர்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் எழுதின 'பிரெய்ன்' வைரஸ் சரியா அங்கே போய் உக்காந்தது. தங்களோட மென்பொருளைக் காப்பி அடிக்கறவங்களைப் பிடிக்கறதுக்காக எழுதினோம்னு சொல்லி, உள்ள தங்கள் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வச்சிருந்தாங்க. (வைரஸ் எழுதினவன் விலாசம் கொடுத்த காலம்!) ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் வைரஸ்னு அதைத்தான் சொல்றாங்க. டிரைவுல ஃப்ளாப்பியை மறந்து வச்சுட்டு மெஷினை ஆன் பண்ணினா போதும், வேற எதையும் தொட வேண்டாம்.

விண்டோஸ் 3.0 காலத்துல வின்.இனி-னு ஒரு கோப்புல 'லோட்', 'ரன்'னு ரெண்டு வரி. 1992-ல 3.1 வந்தப்போ 'ஸ்டார்ட்அப்'னு ஒரு குரூப்பே கொடுத்தாங்க. ஐகானை இழுத்து அதுல போட்டா அடுத்த தடவை தானா வரும். வேண்டாம்னா ஷிஃப்ட் கீயைப் பிடிச்சுக்கணும். ரொம்ப அழகான ஏற்பாடு. எனக்குத் தெரிஞ்சு இதை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கலை.

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டோட விளம்பரம், ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கடை வாசல்ல க்யூ. ஸ்டார்ட்அப் ஃபோல்டர் இதுலயும் இருந்தது. ஆனா அதுக்குப் பின்னாடி, ரெஜிஸ்ட்ரிங்கற பெரிய கிடங்குல, அஞ்சாறு ஃபோல்டர் தள்ளி 'ரன்'னு ஒரு இடமும் வந்தது. அங்கே எழுதி வச்சதும் தானா ஓடும். என்னைக் கேட்டா இந்தச் சரித்திரம் திசை மாறினது இங்கேதான். ஆட்டோஎக்செக்ல எழுதினது நான். ஸ்டார்ட்அப்ல இழுத்துப் போட்டது நான். ரெஜிஸ்ட்ரில எழுதினது நான் இல்லை, ஒவ்வொரு மென்பொருளும் இன்ஸ்டால் ஆகறப்போ தானே போய் எழுதிக்கும். கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா அவரே மத்தவங்களுக்கும் பத்திரிகை வச்சுட்ட கதை. கடிகாரத்துக்குப் பக்கத்துல குட்டிக் குட்டிப் படங்கள் வரிசை கட்டி நிக்கும். பாட்டு கேக்கறது ஒண்ணு, பிரிண்டர் மை பார்க்கறது ஒண்ணு, எதுக்குன்னே தெரியாதது நாலு. மெஷின் கண்ணைத் திறக்கறதுக்குள்ள காப்பி போட்டுக் குடிச்சுட்டு டம்ளரை அலம்பி வச்சுடலாம்.

வைரஸ் எழுதறவங்களும் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. 2000 மே மாசம் உலகத்தையே ஆட்டி வச்ச 'ஐ லவ் யூ' ஞாபகம் இருக்கா? காதல் கடிதம்னு நம்பித் திறந்தவங்க மெஷின்ல, அடுத்த தடவையும் ஓடறதுக்காக இந்த 'ரன்'லதான் தன் பேரை எழுதி வச்சுண்டது. அப்பறம் பென் டிரைவ் வந்தது. சொருகினா தானா ஓடற வசதி. 2008 கடைசில வந்த கான்ஃபிக்கர் அது வழியாவும் பரவித்து. 2011 பிப்ரவரில மைக்ரோசாஃப்ட், பழைய எக்ஸ்பி, விஸ்டா மெஷின்களுக்கும் அப்டேட் அனுப்பி, பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தினாங்க. ஊருக்குப் போய்ட்டு கல்யாண ஃபோட்டோவோட நாம கொண்டு வந்த பென் டிரைவுகள்ல என்னென்ன பிரயாணம் பண்ணித்தோ!

லினக்ஸ் பக்கம் இதைவிட ஒழுங்கு. யூனிக்ஸ் காலத்துலேர்ந்தே எண் 1-ங்கற முதல் வேலைதான் மத்த எல்லாத்தையும் எழுப்பும். எழுப்ப வேண்டியதோட பேர் முன்னாடி எஸ், நிறுத்த வேண்டியதுக்கு கே, கூட வரிசை எண். 2010-ல சிஸ்டம்டி வந்து அந்த வரிசை முறையையே மாத்தி எல்லாத்தையும் ஒரே நேரத்துல எழுப்ப ஆரம்பிச்சது. அந்தச் சண்டை இன்னும் முடிஞ்ச மாதிரி தெரியலை. நம்ம ஊருக்கு இதுல சம்பந்தம் உண்டு. 2001 ஜூலைல ரிச்சர்ட் ஸ்டால்மேன் வந்து இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வச்சது திருவனந்தபுரத்துலதான். அப்பறம் கேரளத்துப் பள்ளிக்கூடங்களும் லினக்சுக்கு மாறித்து. கரமனைப் பசங்க என்னைவிட நல்லா இதெல்லாம் பேசுவாங்க.

இவ்வளவு நேரம் தானா வரது தொந்தரவுங்கற மாதிரியே எழுதிண்டு வந்துட்டேன். ஆனா தமிழ்ல எழுதறவங்களுக்கு அது தானா வந்தே ஆகணும். 2000-களோட தொடக்கத்துல நாமல்லாம் தமிழ்ல தட்டினது எப்படி? முரசு அஞ்சல், அதுக்கப்பறம் முகுந்தராஜ் இலவசமா கொடுத்த இ-கலப்பை. கீபோர்டுக்கும் விண்டோசுக்கும் நடுவுல உக்காந்து, 'ஏ எம் எம் ஏ ஏ'ன்னு தட்டினா 'அம்மா'ன்னு மாத்திக் கொடுக்கற சின்ன நிரல். அது ஓடிண்டு இருந்தாத்தான் தமிழ். இல்லைன்னா வெறும் இங்கிலீஷ் எழுத்து.

அப்பாவுக்கு நான் 2004-ல இதைப் போட்டுக் கொடுத்தேன், அப்போ இருந்த பழைய மெஷின்ல. பள்ளிக்கூடத்துல மலையாளம், ஆபீஸ்ல இங்கிலீஷ், வீட்டுல தமிழ்னு இருந்த மனுஷர். தமிழ் எழுதினது வாழ்நாள் முழுக்க இன்லண்ட் லெட்டர்ல மட்டும்தான். ரிடையர் ஆன அப்பறம், சத்யவாகீஸ்வரர் கோயில் சமாச்சாரம், கரமனை ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு தினமும் காலைல ஒரு வரி மெயில். ஒரு நாள் மெயில் முழுக்க இங்கிலீஷ் எழுத்துல, ஒரு சொல்லும் புரியாம வந்தது. இ-கலப்பை ஓடலை, அவர் திரையைப் பார்க்காமலேயே தட்டி அனுப்பியிருக்கார். அன்னிக்குதான் அதை ஸ்டார்ட்அப்ல போட்டேன். அதுக்கப்பறம் தவறவே இல்லை, 2006 வரைக்கும்.

2007-ல புது மெஷின் வாங்கினப்போ அதுலயும் அதைப் போட்டேன். ஏன்னு கேக்காதீங்க. பழக்கம்.

சரி, அம்மா கண்டிஷனுக்கு வரேன். 'தானா வரணும்'ங்கறதுக்கு நாலு கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. முதல்ல கரண்ட். பழைய மெஷின்ல பின்னாடி இருந்தது நிஜமான ஸ்விட்ச். கரண்ட் போய்ட்டு வந்தா அதுவா எழுந்துக்கும். 1995-ல இன்டெல் கொண்டு வந்த ஏடிஎக்ஸ் முறைல அது வெறும் பட்டனாயிடுத்து, கரண்ட் வந்தாலும் யாராவது அழுத்தற வரைக்கும் தூங்கும். பயாஸ்குள்ள போய் 'கரண்ட் திரும்பினா எழுந்துக்கோ'ன்னு மாத்தினேன். ரெண்டாவது, எக்ஸ்பில ஒரே பயனர், பாஸ்வேர்டு கிடையாது, நேரா உள்ள. மூணாவது, ஸ்கைப் ஸ்டார்ட்அப்ல. நாலாவது, ஸ்கைப்லயே அழைப்பு வந்தா தானா எடுத்து வீடியோவைப் போடற வசதி இருந்தது, அது. நாலாவதுல எனக்கு மனசு அரிச்சுண்டே இருந்தது. வீட்டுக் கூடத்துல தானா திறக்கற கேமரா நல்ல யோசனை இல்லை. எங்க ரெண்டு பேரோட பேரைத் தவிர வேற யாரும் கூப்பிட முடியாதபடி பண்ணிட்டுத்தான் ப்ளேன் ஏறினேன்.

ஞாயித்துக்கிழமை இங்கே காலைல 9 மணி, அங்கே சாயங்காலம் 6.30. விளக்கேத்திட்டு அம்மா பட்டனை அழுத்திட்டு உக்காருவா. நான் கூப்பிடுவேன். பாதி நாள் நெத்தி மட்டும் தெரியும், மீதி நாள் ஃபேன். ஒரு வருஷம் இப்படி ஓடித்து.

2008 ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா ஆன்லைன்லயே இல்லை. போன் பண்ணினா, "நான் போட்டுண்டு உக்காந்திருக்கேனே, நீதான் வரலை"ன்னா. நெட் தகராறா இருக்கும்னு விட்டேன். அடுத்த வாரமும் அதே. "நோக்கு ஒழிவு இல்லையாக்கும்னு நினைச்சுண்டேன்"னு குரல்ல ஒரு மாதிரி. மூணாவது வாரம் எனக்குக் கோபமே வந்துடுத்து. சரியா அழுத்தலைன்னு நானும், சரியா கூப்பிடலைன்னு அவளுமா அஞ்சு நிமிஷம். போனை வைக்கற சமயத்துலதான் அம்மா சொன்னா: "இப்போல்லாம் ஆரம்பத்துல இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வரது. அந்தப் பையன் என்டர் தட்டச் சொன்னான், தட்டிடறேன்."

எந்தப் பையன்?

மெஷின் ரொம்ப மெதுவா வரதுன்னு அக்கம்பக்கத்துல யாரோ சொல்லி, ரிப்பேர் பண்ற பையன் ஒருத்தன் வந்திருக்கான். நல்ல எண்ணம்தான். எம்எஸ்கான்ஃபிக்னு விண்டோஸ் 98-லேர்ந்து ஒரு கருவி உண்டு. தானா வர எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு டிக் இருக்கும், எடுத்துட்டா வராது. மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிருக்கான். மெஷின் ஜம்முனு வந்திருக்கு, ஸ்கைப் இல்லாம. இதுல வேடிக்கை என்னன்னா, எல்லாத்தையும் நிறுத்தின அந்த எம்எஸ்கான்ஃபிக், 'ஸ்டார்ட் ஆகற விதத்தை மாத்தியிருக்கீங்க'ன்னு ஞாபகப்படுத்த தன்னையே அந்தப் பட்டியல்ல சேர்த்துக்கும். அம்மா பார்த்த பெட்டி அதுதான். (2012-ல விண்டோஸ் 8 வந்தப்போ இந்தப் பட்டியலை டாஸ்க் மேனேஜருக்கே கொண்டு வந்து, எது எவ்வளவு தாமதப்படுத்தறதுன்னும் எழுதினாங்க. அது அப்போ இருந்திருந்தா அந்தப் பையன் கை கொஞ்சம் யோசிச்சிருக்கும்.)

அடுத்த வீட்டுல ப்ளஸ் டூ படிக்கற பொண்ணைக் கூப்பிடச் சொன்னேன். ரிசீவரைத் தோள்ல இடுக்கிண்டு ஒவ்வொரு வரியா படிச்சா. பதினேழு வரி. பாதி எனக்கே என்னன்னு தெரியலை.

"எஸ், கே, ஒய், பி, இ..."

"அதுதான்! டிக் போடு."

ஆன்டிவைரஸுக்கும் போடச் சொன்னேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்னேன். பையன் செஞ்சது முக்கால்வாசி சரிதான்.

"மாமா, இங்க கலப்பைன்னு ஒண்ணு இருக்கே. இதுவும் வேண்டாம்தானே? மாமி தமிழ்ல டைப் பண்றதில்லைன்னு சொல்றாளே."

"இல்லம்மா. அதுக்கும் போட்டுடு."

ரீஸ்டார்ட் ஆச்சு. நான் இங்கேர்ந்து கூப்பிட்டேன். முதல்ல ஃபேன், அப்பறம் அம்மா நெத்தி, அப்பறம் நகர்ந்து நகர்ந்து முழு முகம். கண்ணாடியைச் சரி பண்ணிண்டு திரையோட கீழ் மூலையை உத்துப் பார்த்தா.

"நீயும் வந்துட்டே. அப்பாவோட அந்தக் குட்டிப் படமும் வந்துடுத்து."

நான் பதில் சொல்றதுக்குள்ள அங்கே பவர்கட். திரை கறுப்பாச்சு. யூபிஎஸ் பேட்டரி எப்பவோ போயிருந்தது. இவ இன்னொரு காப்பியைக் கொண்டு வந்து கைல கொடுத்தா, உக்காந்திருந்தேன். அரை மணி நேரம் கழிச்சு அம்மா பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரிஞ்சது. கூப்பிட்டேன். நாற்காலி காலி. உள்ள சமையல் கட்டுலேர்ந்து, "அது வந்துடுத்து போலருக்கே"ன்னு குரல் மட்டும் கேட்டது.